நடுவில் நிறுத்தாத பாட்டு

— இதுவும் வேண்டாம்மா. எடுத்துடு.

— சார், இதோட மூணு ப்ளேயர் போட்டுக் காட்டிட்டேன். இதுல என்ன குறை? பாட்டு, படம், எதைக் குடுத்தாலும் பாடும். போட்டதைச் சாப்பிட்டுட்டு எழுந்து போற நல்ல புள்ள மாதிரி. மெஷின் வேற கிழம். இதைவிட லேசான ப்ளேயர் கிடைக்காது, சரியா?

— யாரு கிழம்?

— கம்ப்யூட்டரைச் சொன்னேன் சார்.

— ம். கடையில ஆள் அனுப்பறேன்னாங்க. பொண்ணை அனுப்பிட்டாங்க.

— பொண்ணு தொட்டா கம்ப்யூட்டர் கோவிச்சுக்காது சார். வேண்டாம்னா சொல்லுங்க, பையை மூடிட்டுக் கிளம்பறேன்.

— உக்காரு, உக்காரு. கோவத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. இது பாடறது வெளிய தெரியுமா?

— வெளியன்னா? ஸ்பீக்கரா? நீங்கதானே ஸ்பீக்கரே கூடாது, ஹெட்போன் போதும்னீங்க?

— சத்தத்தைச் சொல்லல. இன்னார் இப்போ இன்ன பாட்டைக் கேட்டுக்கிட்டிருக்கார்னு காட்டுமே, பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி. பழைய ப்ளேயர்ல பாட்டைப் போட்டதும் எரியும்.

— ஓ, அதுவா! நாம கேக்கறதைத் தெரிஞ்சவங்க அவங்க போன்ல பாக்கற வசதி. சின்னப் பசங்க கேக்கறது சார் அது. உங்க வயசுல வர்றவங்க எல்லாம் அதை எப்படி மூடறதுன்னுதான் கேப்பாங்க.

— எனக்கு எரியணும்.

— யாரு பாக்கப் போறாங்க?

— அது உனக்கு எதுக்கு? எரியணும். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எரியணும். நேத்து எரியல. நேத்து ராத்திரி இந்த வீட்டுல யாரும் சாப்பிடல.

— பச்சைப் புள்ளி எரியலேன்னா சாப்பாடு கிடையாதா?

— கிடையாது. மெதுவாப் பேசு. அடுப்படி வரைக்கும் கேக்கும்.

— பழைய ப்ளேயரே இருந்துட்டுப் போகட்டுமே சார். அதுக்கு என்ன ஆச்சு?

— திறந்தா, 'இந்தப் பதிப்பு இனி இயங்காது'ன்னு ஒரு பெட்டி வருது. மூடினா திரும்ப வருது. நான் முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன். ஒரு பாதையை மூடறதுன்னா முன்கூட்டியே சொல்லணும், மாத்துப் பாதை காட்டணும். முறைன்னு ஒண்ணு இருக்கு. இவனுங்க நேத்து சாயங்காலம் திடீர்னு தண்டவாளத்தைப் பேத்துட்டானுங்க.

— அதோட புதுப் பதிப்பு இந்த மெஷின்ல ஏறாது. புது மெஷின் வாங்கிட்டீங்கன்னா...

— இந்த மெஷின்தான் வேணும்.

— சரி, அப்போ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நின்னு போனது இல்ல, வேற ஒரு பழைய ப்ளேயர். அழகெல்லாம் எதிர்பாக்காதீங்க, பாக்க அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கும். ஆனா அதோட ஒரு குட்டி ப்ரோகிராமை மாட்டிவிட்டா, ஓடற பாட்டோட பேரை, புள்ளி எரியற அதே பக்கத்துக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். புள்ளி எரியும். சரியா?

— ஏன் இதை முதல்லயே சொல்லல?

— நீங்க முதல்லயே புள்ளின்னு சொல்லலியே! பாட்டு கேக்கணும்னீங்க. உலகத்துல பாட்டு கேக்கறவங்க கேக்கற கேள்வியெல்லாம் நான் கேட்டேன். சத்தம் எப்படி இருக்கணும், பாடகர் வாரியா அடுக்கணுமா, அட்டைப் படம் வேணுமான்னு. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இப்போ புள்ளிங்கறீங்க.

— சரி, போடு. அதை நம்பலாமா?

— நம்பலாம். ஒண்ணொண்ணாக் கேக்கறேன், சொல்லுங்க. பாட்டை வரிசை கலைச்சுப் போடற வசதி இருக்கு. வேணுமா?

— எதுக்குக் கலைக்கணும்? வரிசைன்னு வெச்சதே கலைக்காம இருக்கத்தானே?

— வேண்டாம். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டு மெல்ல உள்ள நுழையும். அது?

— ஒருத்தர் பேசி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் வாயைத் திறக்கறதா? அசிங்கம். வேண்டாம்.

— உங்களுக்கு இது பிடிக்கும்னு அதுவாவே பாட்டு சொல்லும்.

— அது யாரு சொல்றதுக்கு?

— சரி சார், அதுவும் வேண்டாம். பிடிக்காத பாட்டை ஒரே அழுத்துல தாண்டிப் போற பட்டன் மட்டும் விசைப்பலகையில வெச்சுத் தரேன். எனக்கெல்லாம் அது இல்லேன்னா கையே ஓடாது. எந்தப் பாட்டையும் முழுசாக் கேட்டதே இல்ல நான்.

— பெருமையாச் சொல்றே பாரு. ஒருத்தன் தொண்டை வரளப் பாடறான். நாம பாதியில எழுந்து போனா அது என்ன மரியாதை? பாட்டுங்கறது வண்டி மாதிரிம்மா. ஏறிட்டா, இறங்க வேண்டிய இடத்துலதான் இறங்கணும். ஓடும்போது குதிக்கக் கூடாது. பிடிக்குதோ பிடிக்கலியோ, நான் கடைசி வரைக்கும் கேப்பேன்.

— பிடிக்காததை எதுக்கு சார் கேக்கணும்? இந்த லிஸ்டைப் பாத்தா உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே தெரியல. பூரா டமால் டுமீல்னு இருக்கு.

— ஆரம்பத்துல எனக்கும் தலைவலிதான் வந்துச்சு. போகப் போகத்தான் புரியுது. இதோ, மேல இருந்து மூணாவது. தகரக் கொட்டாயைப் பிரிச்சுப் போடற மாதிரி ஆரம்பிக்கும். ஆனா கடைசியில, எல்லாம் அடங்கினப்புறம், ஒரே ஒரு வயலின் வருது பாரு. தனியா. அந்த வயலினுக்காகத்தான் இதை எடுத்து வெச்சிருக்கான்னு நெனைக்கறேன்.

— யாரு?

— ம்? யாரோ. போட்டவன்.

— ஏங்க! உள்ள டீ கொண்டாரட்டுமா?

— வேண்டாம்! வேலை நடக்குது!

— அந்தப் பொண்ணுக்காவது?

— வேலை முடிஞ்சதும் குடிப்பா. நீ உள்ள வராதே, ஒயரெல்லாம் கிடக்கு!

— என்னமோ போங்க. முன்னுரை முடிஞ்சுதான்னு அந்த மெஷினைக் கேட்டுச் சொல்லுங்க.

— முன்னுரையா? நீங்க எழுத்தாளரா சார்?

— எங்க வம்ச வரலாறு எழுதறேன். அப்படின்னு வீட்டுக்காரிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். சாயங்காலம் இந்த ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணும்னா ஒரு காரணம் வேணும்ல?

— எத்தனை நாளா எழுதறீங்க?

— போன மழைக்காலத்துல இருந்து.

— இன்னும் முன்னுரையா?

— பெரிய வம்சம்.

— சிரிக்க வெக்காதீங்க சார், தப்பா எதையாவது அழுத்திடுவேன். சரி, உங்க பேர்ல உள்ள நுழையணும். கணக்கு இதுதானே? ஆனா இது உங்க பேர் இல்லியே?

— பையன் பேரு. ரூமும் அவனோடது, மெஷினும் அவனோடது.

— பாஸ்வேர்ட்?

— பழைய ப்ளேயர் எதையும் கேக்காது. திறந்ததும் பாடும்.

— புதுசு கேக்குமே. பையன் எங்க?

— வெளியூர்ல. பெரிய கம்பெனியில.

— அப்போ சுலபம். ஒரு போன் போடுங்க, சொல்லிடுவார். இல்லேன்னா அவர் போனுக்கு ஒரு எண் அனுப்பச் சொல்றேன், அதைப் படிச்சுச் சொன்னாப் போதும்.

— அவன் எடுக்க மாட்டான்.

— நான் பேசட்டுமா? கடையில இருந்துன்னு சொன்னா எடுப்பார்.

— எடுக்க மாட்டான்னு சொல்றேன்ல?

— கோவமா உங்க மேல? எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான் சார். இந்த எண் வராம நான் ஒரு அடிகூட நகர முடியாது. பச்சைப் புள்ளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்.

— அந்த எண் போனுக்குத்தான் வரணுமா?

— போனுக்குத்தான்.

— திரும்பி உக்காரு. அந்தப் பக்கம் பாரு. பீரோவைத் திறக்கணும்.

— சார், இது... கண்ணாடி நொறுங்கின போன். ஓரமெல்லாம் சேறு காஞ்சிருக்கு. யாரோடது?

— சார்ஜ் போடு. எண் வரும். சிம்முக்கு மாசாமாசம் பணம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

— பையன் வெளியூர்லன்னீங்களே.

— போட்டாச்சா?

— போட்டாச்சு. வந்துடுச்சு. ஏதோ மெசேஜெல்லாம் கொட்டுது சார். இதை எத்தனை நாளா மூடி வெச்சிருந்தீங்க? எல்லாம் ஒருத்தர்கிட்ட இருந்துதான். 'அம்மா'ன்னு இருக்கு.

— அம்மாவா? அவளா? இருக்காது. இந்த வீட்டுல யாரும் அவனோட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். படி.

— நான் எப்படி சார் அடுத்தவங்க...

— எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. படிம்மா.

— 'மழை பலமாப் பெய்யுது. வண்டியில பாத்துப் போ.' அடுத்தது, 'சாப்பிட்டியா?' அப்புறம், 'ஏன் புள்ளி எரியல?' 'பாட்டு கேக்கக்கூட நேரம் இல்லியா?' 'எனக்கு நெஞ்சு வலி இப்போ பரவாயில்ல. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.' 'கோவமா கண்ணு?' கடைசியா, 'இன்னைக்கு எரிஞ்சுது. அப்பாடா.' அவ்ளோதான் சார். அதோட நின்னுடுச்சு. அது போன மழைக்காலம்.

— என் வார்த்தையை மீறியிருக்கா. இத்தனை வருஷத்துல முதல் தடவை.

— அதுக்கப்புறம் ஒண்ணுமே அனுப்பலியே?

— அதான் புள்ளி எரிஞ்சுடுச்சே. மனசு ஆறிடுச்சு, என் பேச்சும் ஞாபகம் வந்திருக்கும். பாத்தியா, என் ஏற்பாடு தப்பாப் போகல.

— சார், நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க பையன்...

— எண்ணைப் போட்டியா?

— போட்டுட்டேன். உள்ள நுழைஞ்சாச்சு. உங்க பையன் இல்லியா சார்?

— ஸ்பீக்கர் ஏத்தின வேன். மழையில புரண்டுடுச்சு. பெட்டிக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு வந்திருக்கான். போன் எனக்குத்தான் வந்துச்சு. வீட்டுக்காரிக்கு அப்போ நெஞ்சைத் திறந்து தெச்சுப் பத்து நாள்கூட ஆகல. பழைய ஊழியர் கூட்டம்னு சொல்லிட்டுப் போனேன். அங்கேயே, முறைப்படி, எல்லாத்தையும் முடிச்சேன். மறுநாள் காலையில வீட்டுக்கு வந்து பேப்பர் படிச்சேன்.

— தனியாவா?

— வேற யாரைக் கூட்டிட்டுப் போறது? எங்க சொந்தத்துல யாரு வீட்டுப் பையனாவது மைக் செட் வெச்சுப் பொழைக்கறானா? ஊரெல்லாம் கம்பெனி உத்தியோகம்னு சொல்லி வெச்சிருக்கேன். ஸ்பீக்கர் பெட்டிக்கு நடுவுல செத்துக் கிடந்தான்னு போய்ச் சொல்லவா?

— அதுக்காக அவரோட பேசாம இருந்தீங்களா?

— அவன்தான் போனான். ஒரு கல்யாணம். நான் முதல் வரிசையில, மாப்பிள்ளை வீட்டாரோட உக்காந்திருக்கேன். இவன் மேடைக்குப் பக்கத்துல, நனைஞ்ச சட்டையோட பெட்டி தூக்கறான். பக்கத்துல இருந்தவர், 'உங்க பையன் சாயல்ல இருக்கானே'ன்னார். யாரோ ஒரு பையன்னு சொல்லிட்டேன்.

— அது அவர் காதுல விழுந்துச்சா?

— ஸ்பீக்கர்காரனுக்குக் காது கூர்மை.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? மறுநாள் பையை எடுத்தான். நான் சொன்னேன், இந்த வீட்டுல யாரும் இனி உன்னோட பேச மாட்டாங்கன்னு. அவன் என்னை எதிர்த்துப் பேசல. அம்மா போன்ல எதையோ ஏத்திக் குடுத்துட்டு, 'நீ பேச வேண்டாம்மா. இந்தப் பச்சைப் புள்ளி எரிஞ்சா நான் நல்லா இருக்கேன், பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கேன்னு வெச்சுக்க'ன்னுட்டுப் போனான். என் வார்த்தைக்குப் பழுதில்லாம ஒரு வழி பண்ணிட்டான். புத்திசாலி.

— வேன் புரண்டதோட புள்ளி எரியறதும் நின்னு போச்சு.

— நின்னு போச்சு. அவ தட்டுல கை வெச்சுக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு இருப்பா. ஒரு நாள் இந்த ரூமுக்கு வந்து சும்மா உக்காந்தேன். எதையோ தட்டினேன், பாட்டு ஓடுச்சு. எனக்கு நிறுத்தத் தெரியல. அடுப்படியில இருந்து, 'ஏங்க, பாட்டு கேக்கறான்! பாட்டு கேக்கறான்!'னு ஒரு சத்தம். அன்னைக்குச் சாப்பிட்டா. அப்படித்தான் ஆரம்பிச்சுது. தினமும் சாயங்காலம் நான் கேப்பேன், அவ பாப்பா, சாப்பிடுவா.

— சார், இது நல்லதில்ல. அவங்க பெத்தவங்க. என்னைக்காவது தெரிஞ்சா தாங்குவாங்களா? நீங்களே சொல்லிடுங்க.

— சொல்லலாம். 'முடிச்சுட்டேன்'னு சொல்லலாம். 'உன்னைக் கூட்டிட்டுப் போகல'ன்னு எப்படிச் சொல்றது?

— கஷ்டம்தான். ஆனாலும்...

— நீ வந்தது ப்ளேயர் போட. இது இந்த வீட்டு விஷயம், இந்த வீட்டோட இருக்கட்டும். அவளுக்கு இப்போ முன்ன மாதிரி இல்லம்மா. மறதி வந்துடுச்சு. குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அப்படியே நின்னுடறா. தொட்டி நிரம்பி வழியும், கதவைத் தட்டினாத்தான் மூடுவா. அந்த உடம்புகிட்டப் போய் இதைச் சொல்லச் சொல்றே.

— சரி சார். நான் எதுவும் சொல்லல. பாட்டெல்லாம் ஏறிக்கிட்டு இருக்கு. இந்த ஹெட்போனைக் காதுல வெச்சுப் பாத்தேன், இடது காது சுத்தமாக் கேக்கலியே?

— அது போய் ரொம்ப நாள் ஆச்சு.

— ஒத்தக் காதுலயா இத்தனை நாளும் கேட்டீங்க?

— எனக்கு அது போதும்.

— போதாது சார். வயலின் இடது பக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க? தெருமுனைக் கடையில கிடைக்கும். என்கிட்ட இப்போ இல்ல.

— இடது பக்கம் வேற தனியா வருமா?

— வரும். ரெண்டு காதுக்கும் வேற வேற.

— அப்போ நான் பாதிதான் கேட்டிருக்கேனா? சரி, நானே போய் வாங்கிட்டு வரேன். நீ கதவைச் சாத்திக்க. அவ வந்தா?

— வைரஸ்னு சொல்றேன்.

— என்ன எழவோ சொல்லு. பாட்டை நான் வந்ததும் போடு.

— சரி சார். பாத்துப் போங்க. ம், முப்பது, நாப்பது, எல்லாம் ஏறிடுச்சு. புள்ளி? எங்க, எரி பாக்கலாம். எரிஞ்சுது. இது ஓடுது. இதுவும் ஓடுது. இது சரி. அடுத்தது. அடுத்தது. இதுல சத்தம் கம்மியா? இல்ல. அடுத்தது...

— யாரு? யாரு உள்ள?

— அம்மா! பாத்து, பாத்து, ஒயர்!

— யாரு பாட்டைப் போட்டது?

— நான்தாம்மா. கம்ப்யூட்டர்ல வைரஸ். அதான் சும்மா, எல்லாம் சரியா இருக்கான்னு...

— நீயா?

— நான்தான். ஏம்மா இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டுமா?

— வேண்டாம். ஓடி வந்தேன், அதான். நீதானா? ஆமா, வேற யாரு இருக்கப் போறா? எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. பேரு மாறிக்கிட்டே இருந்துச்சா, ஒண்ணு வந்து நிக்கறதுக்குள்ள அடுத்தது, அடுத்ததுன்னு... ஒரு நிமிஷம் கால் தரையில இல்ல கண்ணு. அடுப்பைக்கூட அணைக்காம வந்துட்டேன்.

— எந்தப் பேரும்மா?

— பாட்டோட பேரு. இதோ, போன்ல. எம்புள்ள அப்படித்தான் கேப்பான். எந்தப் பாட்டையும் முழுசா விட மாட்டான். நாலு வரி பாடறதுக்குள்ள பொறுமை போயிடும், தாவிடுவான். சாப்பாடும் அப்படித்தான், தட்டுல பாதியை வெச்சுட்டு எழுந்துடுவான். சின்ன வயசுல இருந்தே அவசரம். பொறக்கும்போதே அவசரம்.

— மூணாவது பாட்டுல, கடைசியில ஒரு வயலின் வரும்னு சார் சொன்னாரே. அது உங்க பையனுக்கு ரொம்பப் பிடிக்கும்னு...

— வயலினா? கடைசியிலயா? அவ்வளவு தூரம் அவன் எந்தப் பாட்டுக்கும் உக்காந்ததே இல்லியே! அப்படி ஒண்ணு அதுல இருக்கறதே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. இவர்தான் கண்டுபிடிச்சிருக்கார்.

— அம்மா, நீங்க... சார் ஏதோ வம்ச வரலாறு...

— நீ பொய் சொல்லக் கஷ்டப்படாதே. வைரஸ்னு சொல்லும்போதே குரல் இறங்கிடுச்சு. அவரும் அப்படித்தான். வம்ச வரலாறாம்! தாத்தா பேரைத் தாண்டி இவருக்கு யாரையும் தெரியாது, எதை எழுதறது?

— உங்களுக்கு எப்போல இருந்து தெரியும்?

— புள்ளி திரும்ப எரிஞ்ச அன்னைக்கே. முதல்ல ஒண்ணும் தோணல. அப்பாடான்னு அவனுக்கு மெசேஜ் போட்டேன். அப்புறம் தட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பேரு மாறவே இல்ல. ஒரே பாட்டு. அது முடிஞ்சு அடுத்தது. அதுவும் முழுசா முடிஞ்சு அடுத்தது. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போற பாசஞ்சர் வண்டி மாதிரி. இந்த உலகத்துல அப்படிப் பாட்டு கேக்கற மனுஷன் ஒருத்தர்தான். அவர் இந்தக் கதவுக்குப் பின்னால உக்காந்திருக்கார்.

— அதுக்கு, பையனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்லியேம்மா?

— அவனோட முதலாளிக்கு போன் பண்ணினேன். அந்த மனுஷன் பாவம், 'உங்க வீட்டுக்காரர் வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டாரேம்மா, உங்களுக்குத் தெரியாதா'ன்னார். தெரியும், சும்மாதான் பண்ணினேன்னு சொல்லி வெச்சுட்டேன். போய்க் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேன். தண்ணி விழற சத்தத்துல வெளிய ஒண்ணும் கேக்காது பாரு. இப்பவும் வேணும்னா அதைத்தான் திறந்து விட்டுக்கறது. தண்ணி வீணாப் போகுதுன்னு அவர் கதவைத் தட்டுவார்.

— அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியா நீங்க? கோவம் வரலியா?

— வராம? பத்து மாசம் சுமந்தவளுக்கு முகத்தைக்கூடக் காட்டல. அந்தக் கோவம் என்னோட போகும். ஆனா கேட்டா என்ன பண்ணுவார்? முதுகை நிமிர்த்திக்கிட்டு, 'முறைப்படி முடிச்சுட்டேன்'பார். அதுக்கப்புறம் அந்த முதுகு நிமிராது. எனக்குத் தெரியும், நான் அதோட குடித்தனம் பண்றவ.

— அதுக்காக நீங்க ரெண்டு பேரும் இப்படியே...

— பெத்த புள்ளையை யாரோ ஒரு பையன்னு சொன்ன மனுஷன் கண்ணு அவர். இன்னைக்கு அவன் நாற்காலியில, அவன் பேரைப் போட்டுக்கிட்டு, அவன் பாட்டைத் தினமும் ஒண்ணு விடாம கேக்கறார். உயிரோட இருந்தப்ப அவன் நாலு வார்த்தை பேசினா அஞ்சாவது வார்த்தைக்கு எழுந்து போயிடுவார். இப்பத்தான் கடைசி வரைக்கும் கேக்கறார். நான் வாயைத் திறந்தா அதுவும் நின்னு போயிடும்.

— நேத்து ராத்திரி நீங்க சாப்பிடலியாமே? புள்ளி எரியலேன்னு?

— அப்படியா சொன்னார்? நேத்து இந்த ரூம்ல இருந்து வெளிய வந்து, பசிக்கலன்னு போய்ப் படுத்துட்டார். விளக்கை அணைச்சப்புறமும் கையால கட்டில் சட்டத்துல தாளம் மாதிரி ஏதோ தட்டிக்கிட்டே இருந்தார். அவர் சாப்பிடாம எனக்கு எப்படி இறங்கும்?

— அம்மா, இங்க பாருங்க. இதோ, புதுசு தயார். புள்ளி எரியுது. இனிமே தடங்கல் வராது.

— அது போதும். இந்தப் ப்ளேயரே இருக்கட்டும். அவருக்குப் புரியற மாதிரி ரெண்டு தடவை சொல்லிக் குடுத்துட்டுப் போ. சொல்லிக் குடுக்கறது தெரியாம சொல்லிக் குடு, கௌரவம் பாப்பார். நான் வந்ததை மட்டும் சொல்லிடாதே.

— சொல்ல மாட்டேன்மா. அவர் வர்ற நேரம் ஆச்சு. நீங்க போங்க.

— இன்னும் வர மாட்டார். முழங்கால் வலி, தெருமுனைக்குப் போய்த் திரும்பணும்னா நடுவுல ரெண்டு இடத்துல நிப்பார். அதுவரைக்கும் நீ ஒரு உதவி பண்ணு கண்ணு. நான் அடுப்படியில போய் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன். நீ முன்ன போட்ட மாதிரியே போடு. தாவித் தாவிப் போடு. ஒண்ணையும் முழுசா விடாதே.